கைப்பிடிச் சுவர்

மணமேல்குடி
24.02.2025, திங்கள்

ஜெசிந்தாவுக்கு,

என் நம்பரை நீ பிளாக் செய்து இன்றோடு பதினெட்டு நாள் ஆகிறது. ஷெர்லினைக் கூப்பிட்டால், "அம்மாக்கிட்ட நீங்களே பேசிக்கங்கப்பா, எனக்கு காலேஜ் பஸ் வந்துருச்சு" என்று வைத்துவிடுகிறாள். ராத்திரி எட்டு மணிக்கு என்ன காலேஜ் பஸ்? நேரில் கீரனூருக்கு வரலாம் என்றால் உன் அக்கா என்னை வாசலிலேயே நிறுத்தி விசாரணை நடத்துவார். அதனால்தான் தபாலாபீசில் போய்க் கவர் வாங்கினேன். கவுண்டரில் இருந்த பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ காயவைத்திருந்த மூன்று கூடை இறால் கருவாட்டை எடுத்துப்போய்க் கடற்கரையில் புதைத்தது நான்தான். மறைக்கவில்லை. செதிலும் துடுப்பும் உள்ளதைத்தான் சாப்பிடலாம் என்று மோசேயின் சட்டமான தோராவில் தெளிவாக இருக்கிறது. மேசியாவை விசுவாசிக்கிறவனுக்கு அது பொருந்தாது என்று யார் சொன்னது? அவரே அதைக் கைக்கொண்டவர்தானே? நான் சாப்பிடாததை என் வீட்டு மாடியில் காயவைத்து மற்றவனுக்கு விற்பது எப்படிச் சரியாகும்? உன்னிடம் சொல்லிவிட்டுச் செய்திருக்க வேண்டும். அது மட்டும்தான் என் தவறு.

இதையெல்லாம் எனக்கு யாரோ வசியம் வைத்துச் செய்யச் சொன்னதாக உன் அக்கா பேசுகிறாராம். சவூதியில் பன்னிரண்டு வருஷம் அடுத்தவன் அடித்த மணிக்கு எழுந்தேன், அடுத்தவன் சொன்ன நேரத்துக்குத் தின்றேன். ஊருக்கு வந்து பட்டறை போட்டால், படகு என்ஜின்காரன் ஒவ்வொருவனும் எனக்கு முதலாளி. வாரத்தில் ஒரு நாளாவது இது ஆண்டவருடையது, எவனுக்கும் கிடையாது என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. விசைப்படகுகள் கடலுக்குப் போகிற சனிக்கிழமையாகப் பார்த்துப் பட்டறையை மூடுகிறேன் என்று துறைமுகமே சிரிக்கிறது. சிரிக்கட்டும்.

ஏப்ரல் 12 சாயங்காலம் பஸ்கா தொடங்குகிறது. அதற்கு வீட்டையும் மனதையும் ஆயத்தப்படுத்த வேண்டும். ஏழு நாளைக்குப் புளித்த மாவு வீட்டில் இருக்கக் கூடாது. இட்லி மாவு அதில் சேருமா என்று புதுக்கோட்டைச் சபையில் இரண்டு வாரமாக விவாதம் நடக்கிறது. அதற்குள் நீ வந்துவிட வேண்டும். பண்டிகையில் மனைவி இல்லாத வீடு என்ன வீடு?

ஆரோக்கியதாஸ்


கீரனூர்
03.03.2025

ஷெர்லின் அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. அக்காதான் வாங்கினாள். பிரிக்கவில்லை, ஆனால் நான் படித்து முடிக்கிறவரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

இட்லி மாவு விவாதம் முடிந்ததா? பழைய சோற்றுத் தண்ணீரையும் சேர்த்துக் கேளுங்கள், அதுவும் புளித்ததுதான். ஏழு நாளும் சப்பாத்தி சுடப் போவது யார் என்பதையும் அந்தச் சபையிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

உங்கள் சாமியை நான் ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை பட்டறையை மூடியபோது ஏதாவது சொன்னேனா? நம் கோயிலுக்கு வராமல் நின்றபோது பங்குச் சாமியாரிடம், உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று பொய்தான் சொன்னேன். நண்டு வேண்டாம் என்றதும் உங்களுக்குத் தனியாகச் சங்கரா வாங்கிக் குழம்பு வைத்தேன். இவ்வளவும் செய்தவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நான் பத்து நாள் வெயிலில் நின்று காயவைத்ததைத் தூக்கிப்போய்ப் புதைத்தீர்கள். கடற்கரையில் நாய்கள் அதைத் தோண்டித் தின்றதை ஊரே பார்த்தது. எனக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம்.

இறாலுக்காக மட்டும் நான் கிளம்பி வரவில்லை. அந்தச் செங்கல். கீழ்ப் படியோரம் இரண்டு வருஷமாக அடுக்கி வைத்திருந்தேனே, மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்ட. உங்கள் கைக்காசு வீடு கட்டியதோடு தீர்ந்துபோனது, அதனால் நான் இறால் விற்று வாங்கிய கல். மாடியில் நானும் பக்கத்து வீட்டு அழகம்மாள் அக்காவும் பாய் விரித்துக் காயவைக்கும்போதெல்லாம், ஓரத்துக்குப் போகாதே, ஓரத்துக்குப் போகாதே என்று ஒருத்தியை ஒருத்தி எச்சரித்துக்கொண்டே இருப்போம். நான் அக்கா வீட்டுக் காதுகுத்துக்கு இரண்டு நாள் வந்து திரும்பினால், அந்தக் கல்லில் பின்பக்கம் ஒரு தொட்டி நிற்கிறது. பண்டிகைக்கு முன்னால் முழுகி எழ என்று சொல்கிறீர்கள். இறால் காசில் வாங்கிய கல்லில் சுத்திகரிப்புத் தொட்டி! அது மட்டும் தீட்டில்லையா?

நாளை மறுநாள் சாம்பல் புதன். தவக்காலத்தில் யாரையும் வைய வேண்டாம் என்று இருக்கிறேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். மாடிக்குச் சுவர் எழும்பட்டும், வருகிறேன். அதுவரை வர மாட்டேன்.

ஜெசிந்தா


மணமேல்குடி
10.03.2025

ஜெசிந்தாவுக்கு,

உன் கடிதத்தைப் பட்டறையில் வைத்துப் படித்தேன். நாய் தோண்டியது எனக்குத் தெரியாது. ஆழமாகத்தான் புதைத்தேன்.

சுவர் கட்டாமல் விட மாட்டேன். பண்டிகை முடியட்டும். அது தொடங்க இன்னும் ஐந்து வாரம்கூட இல்லை. தொட்டிக்குப் பூச்சு முடிந்து உள்ளே நீல பெயிண்ட் அடித்தாயிற்று, தண்ணீர் மட்டும் விட வேண்டும். வெளியே சுத்தமானால் போதாது, உள்ளே ஆயத்தமாக வேண்டும் என்று எங்கள் சபையை நடத்தும் செம்மல் சொல்கிறார். சரிதான். ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. எவ்வளவு ஆயத்தம் செய்தாலும் இன்னும் ஏதோ விட்டுப்போனதுபோலவே இருக்கிறது. நேற்று அரிசி டின்னைத் திறந்து மூடினேன், அலமாரியைக் குடைந்தேன், உன் பழைய கடுகு டப்பாவைக்கூடக் கொட்டிப் பார்த்தேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் உட்கார்ந்துவிடுகிறேன். கை ஓய்கிறது, மனம் ஓயவில்லை. இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

அழகம்மாள் அக்கா வழக்கம்போல மாடிக்கு வந்து நெத்திலி காயவைக்கிறார். அது செதிலுள்ள மீன், அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை. பழகிய மாடி, அவருக்கு ஓரம் தெரியும். நீ வீணாகப் பயப்படாதே.

ஆரோக்கியதாஸ்


மணமேல்குடி
17.03.2025

ஜெசிந்தா,

ஷெர்லினிடம் போனில் சொல்லிவிட்டேன், உனக்கும் தெரிந்திருக்கும். சனிக்கிழமை மத்தியானம் திடீரென்று மழை. அழகம்மாள் அக்கா மாடியில் தார்ப்பாயை இழுத்து நெத்திலியை மூடிக்கொண்டிருந்தவர், பின்னால் கால் வைத்து, பட்டறைப் பக்கமாக விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மகன் நாகராசு கூட இருக்கிறான். ஆம்புலன்சில் நானும் ஏறிப் போனேன். ஓய்வுநாள்தான், ஆனாலும் போனேன்.

கால் தவறிவிட்டது. வேறென்ன எழுத என்று தெரியவில்லை.

தாஸ்


கீரனூர்
21.03.2025

ஷெர்லின் அப்பாவுக்கு,

புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய் அழகம்மாள் அக்காவைப் பார்த்தேன். ஆபரேஷன் முடிந்து கம்பி வைத்திருக்கிறார்கள். எழுந்து நடப்பாரா என்று கேட்டால், பார்க்கலாம் என்கிறார்கள். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, "அழுவாத ஜெசி. எங்கால்தான் தவறிருச்சு. ஒங்க வீட்டுக்காரர் மேல எதுவும் இல்ல" என்றார். நான் எதுவும் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு ஏன் பதில் சொன்னார் என்று பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது.

அன்றைக்குத் தூக்கம் இல்லை. மறுநாள் காலையில் அக்கா வீட்டு பைபிளை எடுத்தேன். உங்களைப் போல நான் எழுத்தெண்ணிப் படிக்கிறவள் இல்லை. இந்த மனுஷன் தலைமேல் தூக்கி வைத்திருக்கும் சட்டத்தில் அப்படி என்னதான் இருக்கிறது, பார்த்துவிடலாம் என்று கோபத்தில் புரட்டினேன். மோசே எழுதிய ஐந்தாவது புத்தகத்தில், இருபத்திரண்டாம் அதிகாரத்தில், எட்டாவது வசனம். புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டுமாம். கட்டாமல் விட்டு யாராவது விழுந்தால் அந்த ரத்தப்பழி அந்த வீட்டின்மேல்.

நான்கு தரம் படித்தேன். பிறகு அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன்.

நான் இரண்டு வருஷமாகக் கேட்டது உங்கள் சட்டத்திலேயே இருந்திருக்கிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் புத்தகத்தை விரித்து வைத்து உட்காருகிறவருக்கு அந்த வரி கண்ணில் படவில்லையா? இறாலில் செதில் இல்லாதது தெரிந்தது, நம் மாடியில் சுவர் இல்லாதது தெரியவில்லையா? சுவருக்கு வைத்த கல்லை எடுத்து உங்கள் உடம்பைக் கழுவத் தொட்டி கட்டினீர்களே!

எனக்கும் பங்கு இருக்கிறது. அந்த மாடிக்கு அவரைக் கூட்டிவந்து பழக்கியது நான்தான். கிளம்பி வரும்போது, "நான் இல்லாட்டியும் நீங்க காயப்போடுங்கக்கா" என்று சொன்னதும் நான்தான்.

ஒன்று மட்டும் எழுதுங்கள். அவர் விழுந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

ஜெசிந்தா


மணமேல்குடி
26.03.2025

ஜெசிந்தா,

வீட்டுக்குள் இருந்தேன். முன்னறையில், ஜன்னலோரம்.

மூன்று தாள் எழுதிக் கிழித்தாயிற்று. இதில் உள்ளதை உள்ளபடி எழுதிவிடுகிறேன்.

மழை தூற ஆரம்பித்ததும் அவர் கீழே தெருவிலிருந்து கூப்பிட்டார். "தம்பி, மழ வருது. மாடில கெடக்குறத அந்தத் தார்ப்பாய இழுத்துக் கொஞ்சம் மூடி விடுங்க தம்பி. எனக்கு முட்டி வலி, ஏற முடியல." இரண்டு தரம் கூப்பிட்டார். எனக்குக் கேட்டது. மாடிப்படி பத்தொன்பது. நான் ஏறி இழுத்து மூட இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. ஓய்வுநாளில் சுமப்பதும் இழுப்பதும் வேலை, அதுவும் விற்பனைச் சரக்கு என்று நினைத்தேன். காது கேட்காதவன்போல் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவர் முனகிக்கொண்டே படியேறுவதும் கேட்டது. பிறகு அந்தச் சத்தம்.

அன்று நான் என்ன பகுதி படித்துக்கொண்டிருந்தேன் என்று இப்போது ஞாபகமே வரவில்லை.

நீ சொன்ன வரியை நான் ஆறு தரமாவது படித்திருக்கிறேன். அந்தக் காலத்தில் அந்த நாட்டில் மாடியில் படுப்பார்கள், அவர்களுக்குச் சொன்னது என்று கடந்துபோயிருக்கிறேன். மற்ற எல்லாவற்றையும் இன்றைக்கும் பொருந்தும் என்று ஊரோடு சண்டை போட்டவன், இதை மட்டும் அந்தக் காலத்துக்கு விட்டுவிட்டேன்.

செம்மலிடம் போய் நடந்ததைச் சொன்னேன். நல்ல மனிதர், குற்றப்படுத்தவில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் எழுந்திருக்கலாம், எழுந்திருக்கவும் வேண்டும். அந்த அம்மா கூப்பிட்டதோ மீனை மூடச் சொல்லி, அதனால் சட்டப்படி நீங்கள் உட்கார்ந்திருந்தது சரிதான் என்றார். தவறு என்று சொல்லியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

தாஸ்


கீரனூர்
29.03.2025

ஷெர்லின் அப்பாவுக்கு,

என்னிடம் ஏன் சொல்கிறீர்கள்? விழுந்தது நானா? அழகம்மாள் அக்காவை வியாழக்கிழமை டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்களாம். நம் பக்கத்து வீட்டில்தான் படுத்திருக்கிறார். எனக்கு எழுதிய அதே வார்த்தையை அவரிடம் போய்ச் சொல்லுங்கள். நாகராசு இருக்கும்போது சொல்லுங்கள். அடித்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு எழுதுங்கள், படிக்கிறேன். அதற்கு முன்னால் கடிதம் வந்தால் பிரிக்க மாட்டேன்.

ஜெசிந்தா


மணமேல்குடி
04.04.2025, வெள்ளி

ஜெசிந்தா,

பிரித்துவிட்டாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். கவரின் மேலேயே 'சொல்லிவிட்டேன்' என்று பெரிதாக எழுதியிருக்கிறேன், பார்த்திருப்பாய். தபாலாபீஸ் பெண் அதையும் படித்துவிட்டு, "என்ன சார் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

திங்கள்கிழமை சாயங்காலம் போனேன். அவர் கட்டிலில், நாகராசு வாசல்படியில் வலையில் பொத்தல் தைத்துக்கொண்டிருந்தான். இருவருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். நீங்க கூப்புட்டது எனக்குக் கேட்டுச்சுக்கா, கேட்டும் எந்திரிக்கல என்று.

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே, "தெரியும் தம்பி" என்றார். "ஜன்னல்ல ஒங்க தல தெரிஞ்சுச்சு. பொஸ்தகத்த வச்சிருந்தீங்க. சரி, சாமி நேரம்போலன்னு நானா ஏறிட்டேன். நானும் வெள்ளி செவ்வான்னா சிலது செய்ய மாட்டேன்ல." பிறகு முகத்தை என் பக்கம் திருப்பி, "ஆனா ஒரு கொரல் குடுத்திருக்கலாம் தம்பி. மாட்டேன்னாச்சும் சொல்லியிருக்கலாம்" என்றார்.

ஜெசி, அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. என் தலையை அவர் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியில் உன்னிடம் என்னைக் காப்பாற்றியிருக்கிறார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

நாகராசு அடிக்கவில்லை. ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "மொதல்ல சொவத்தக் கட்டுங்க. எங்காத்தா எந்திரிச்சு நடந்தா மறுபடி ஒங்க மாடிக்குத்தான் வரும். சொன்னாக் கேக்காது" என்றான். அவ்வளவுதான் பேசினான். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்ப்பதில்லை. பார்க்க நாள் ஆகும்.

மறுநாள் காலையில் கடப்பாரையை எடுத்துத் தொட்டியை உடைத்தேன். ஒரு தரம்கூட முழுகவில்லை. பாதிக் கல் உடைந்துபோனது, பாதி முழுசாக வந்தது. குறைக்குப் புதுக்கல் வாங்கினேன். கொத்தனார் ஒருவரை வைத்துக்கொண்டு, சித்தாள் வேலை நானே பார்க்கிறேன். நேற்று மட்டும் அந்தப் பத்தொன்பது படியை நூறு தரம் ஏறியிருப்பேன். பழைய கல்லில் நீலப் பெயிண்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொத்தனார் அதை உள்பக்கமாகத் திருப்பி வைக்கவா என்றார். எப்படி வருகிறதோ அப்படியே வையுங்கள் என்றுவிட்டேன்.

ஓய்வுநாளை நான் விடவில்லை. விடப் போவதும் இல்லை. இன்று பொழுது சாய்வதற்குள் கொத்துக் கரணையைக் கழுவி வைத்துவிடுவேன். ஆனால் யாராவது கூப்பிட்டால் எழுந்துவிடுவேன். நெத்திலிக்காகக் கூப்பிட்டாலும் எழுந்துவிடுவேன். இதை எந்த வசனத்தில் சேர்ப்பது என்று செம்மல் கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. இறால் விஷயம் எனக்கு இன்னும் தீரவில்லை, நான் சாப்பிட மாட்டேன். ஆனால் நீ காயவைத்ததை இனித் தொட மாட்டேன்.

ஒரு சந்தேகம். வேதத்தில் சுவர் கட்டு என்றுதான் இருக்கிறது, எவ்வளவு உயரம் என்று இல்லை. கொத்தனார் இரண்டே முக்கால் அடி போதும் என்கிறார். நீதான் அங்கே கூடையோடு குனிந்து நிமிர்கிறவள். பின்னால் நகர்ந்தால் உனக்கு எங்கே தட்ட வேண்டும்? இடுப்பிலா, அதற்கும் மேலேயா? யோசித்துப் பார்த்தேன். கல்யாணமாகி இருபத்தோரு வருஷம் ஆயிற்று, நீ என் தோளுக்கு வருவாயா, காதுக்கு வருவாயா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. கொடியில் கிடந்த உன் பழைய சேலையை எடுத்து அளந்து பார்த்தேன். சேலையை வைத்து என்ன தெரியும்?

அளவு மட்டுமாவது எழுது.

தாஸ்


கீரனூர்
08.04.2025, செவ்வாய்

ஷெர்லின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அக்காவுக்கும் வாசித்துக் காட்டினேன். எழுந்து போய்க் காப்பி போட்டாள். எனக்கும் ஒரு தம்ளர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பஸ் எப்ப?" என்றாள்.

கோபம் முழுசாகப் போகவில்லை. அந்த ஜன்னலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும், உங்களுக்கும் வரட்டும். இறாலை அழகம்மாள் அக்கா வீட்டு முற்றத்தில் காயவைத்துக்கொள்கிறேன். நம் மாடியில் நெத்திலி மட்டும். இது உங்கள் சட்டத்துக்காக இல்லை. படுத்திருப்பவருக்குப் பக்கத்தில் ஆள் நடமாட்டம் வேண்டும்.

இட்லி மாவைப் பற்றிச் சபை என்ன முடிவு செய்ததோ தெரியாது. அந்த ஏழு நாளும் நான் மாவு ஆட்டப் போவதில்லை, கைக்கு ஓய்வு. சப்பாத்தி நீங்கள் சுடுங்கள். அழகம்மாள் அக்காவுக்கும் சேர்த்துச் சுடுங்கள், சுட்டதும் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பி, புதுக்கோட்டையில் மாறி, பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவேன். ஷெர்லின் சனிக்கிழமை வருகிறாள். அவள் பஸ்ஸுக்குப் போய் நிற்க வேண்டும், அதற்கு எழுந்திருப்பீர்கள்தானே?

அளவு எழுதச் சொன்னீர்கள். எழுத மாட்டேன். மேல் வரிசையைப் பூசிவிடாதீர்கள். நான் வந்து கூடையோடு நிற்கிறேன், நீங்கள் பார்த்துக் கட்டுங்கள்.

ஜெசிந்தா